மாரெட்பள்ளியில் தமிழ் பேசிய வேக்குவம்

1. கம்ப்ளெயின்ட்

"ஸ்டெல்லா, உனக்குத் தமிழ் வரும்தானே?"

காலையில் வண்டியை வெளியே எடுக்கும்போது எங்கள் சூப்பர்வைசர் யாதகிரி சார் போனில் இப்படிக் கேட்டார். லாலாகுடா ரயில்வே குவார்ட்டர்ஸில் பிறந்து வளர்ந்தவள் நான். வீட்டில் அம்மாவோடு தமிழில் சண்டை போடுவதைப் போனின் அந்தப் பக்கமிருந்து பல வருஷமாகக் கேட்டுக்கொண்டிருப்பவர் அவர். அவரே இப்படிக் கேட்கிறார் என்றால் விஷயம் பெரிது.

மாரெட்பள்ளியில் ஒரு கஸ்டமர் வீட்டு வேக்குவம் கிளீனர் தமிழில் பேசுகிறதாம். தானாக வீடு முழுக்க ஓடிப் பெருக்குமே, அந்த வட்டமான ரோபோ வேக்குவம். அந்த வீட்டில் யாருக்கும் தமிழ் தெரியாது. மாமியாரும் மருமகளும் பயந்துபோய்க் கட்டிலை விட்டு இறங்காமல் இருக்கிறார்களாம்.

நாம் நெட் கொடுக்கிற கம்பெனி, வேக்குவம் கிளீனர் பேசினால் நான் என்ன செய்வது என்று கேட்டேன்.

"அது வைஃபைல ஓடுது. வைஃபை நாம குடுத்தது. அப்போ அதுக்குள்ள இருக்கற பேயும் நம்ம கஸ்டமர்தான். போய்ப் பாரு" என்றார். அவர் சொன்னது ஹைதராபாத் இந்தியில். இங்கே தமிழில் எழுதுகிறேன்.

என் வேலை பிராட்பேண்ட் ஃபீல்டு வேலை. மொட்டை மாடிகளில் ஃபைபர் இழுத்திருக்கிறேன், அறுந்த ஃபைபரை ஒட்ட ஸ்ப்ளைஸ் போட்டிருக்கிறேன், ரூட்டர் வைத்துக் கொடுத்திருக்கிறேன். இப்போது சீனியர் ஆகிவிட்டதால் புதிதாகச் சேர்கிறவர்களுக்கு வகுப்பும் எடுக்கிறேன். அதில் அடிக்கடி வரும் கேள்வி, வீட்டில் இருக்கும் ஒரு ஸ்மார்ட் சாமானுக்கு மட்டும் இன்டர்நெட்டைத் துண்டிப்பது எப்படி என்பது. ரூட்டர் பக்கத்தில் எந்த மெனுவை அமுக்க வேண்டும் என்பதை மட்டும் சொன்னால் அடுத்த நாளே மறந்துவிடுகிறார்கள். அதனால் இந்தக் கதையைச் சொல்லிவிடுவேன். இதுவரை ஒருத்தரும் மறக்கவில்லை.

2. எலுமிச்சம்பழம் கட்டிய மெஷின்

கதவைத் திறந்தது மருமகள் ஸ்வப்னா. சாஃப்ட்வேர் வேலை. பெரும்பாலும் வீட்டிலிருந்தே செய்கிறவள். கணவர் ஆபீஸ் வேலையாகப் புனேயில் இருந்தார். ஹாலில் திவான் கட்டில் மீது மாமியார் இரண்டு கால்களையும் மடித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தரையில் கால் பட்டால் சுடும் என்பது போல.

மெஷின் மூலையில் சார்ஜரோடு ஒட்டிக்கொண்டு நின்றது. அதன் மேல் ஒரு எலுமிச்சம்பழமும் பச்சை மிளகாய்களும் நூலில் கோத்துக் கட்டப்பட்டிருந்தன. நடுமண்டையில் பெரிய குங்குமப் பொட்டு. பொட்டு வைத்த இடம் சரியாக அதன் சென்சார். கண்ணை மறைத்துவிட்டால் அந்த மெஷினுக்குத் திசை தெரியாது. நின்ற இடத்திலேயே சுற்றும். முந்தைய நாள் அப்படித்தான் சுற்றியிருக்கிறது. பரிகாரம் செய்ததும் சாமியே வந்துவிட்டது என்று மாமியார் கட்டிலில் ஏறியவர்தான்.

ஸ்வப்னா தன் போனில் அந்தக் குரலைப் பதிவு செய்து வைத்திருந்தாள். என்ன சாபம் என்று சொல்லுங்கள் என்று நீட்டினாள். நான் காதருகே வைத்துக் கேட்டேன். கரகரவென்று ஒரு அம்மாவின் குரல்.

"ஏய்யா செந்திலு, கட்டிலுக்கு அடியில பெருக்காமப் போகுதே. அந்தப் பெட்டிய எடுத்து அங்கிட்டு வையிய்யா. எம்புட்டுத் தூசி பாரு."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நான் சிரித்ததைப் பார்த்து மாமியார் இன்னும் கொஞ்சம் சுவர் ஓரமாக நகர்ந்தார். பேய் ஓட்ட வந்தவளுக்கே பேய் பிடித்துவிட்டது என்று நினைத்திருப்பார். சாபம் எதுவும் இல்லை, கட்டிலுக்கு அடியில் சுத்தமாக இல்லை என்று சொல்கிறது என்று தெலுங்கில் சொன்னேன். மாமியார் உடனே மருமகளை ஒரு பார்வை பார்த்தார்.

செந்தில் என்ற பெயரைக் கேட்டதும் ஸ்வப்னாவுக்குப் புரிந்துவிட்டது. இந்த மெஷினைப் பழையதாக அவர்களுக்கு விற்ற தமிழ்ப் பையனின் பெயர் அது. வீட்டுக்கே வந்து வைஃபையில் இணைத்து, தன் ஆப்பில் ஸ்வப்னாவையும் குடும்பத்தில் ஒரு ஆளாகச் சேர்த்து, ஓனர் பெயரை அப்புறம் மாற்றித் தருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனவன். அதன் பிறகு போனை எடுக்கவே இல்லை. மெஷின் கம்பெனிக்குப் பேசினால், பழைய ஓனர் விட்டுக்கொடுத்தால்தான் மாற்ற முடியும் என்று கையை விரித்துவிட்டார்கள்.

எனக்குக் கணக்கு தெளிவானது. அந்தப் பையன் தன் அம்மாவையும் ஆப்பில் சேர்த்திருக்கிறான். எடுக்க மறந்துவிட்டான். தமிழ்நாட்டில் எங்கோ உட்கார்ந்திருக்கும் அம்மா, மகன் வீட்டைப் பெருக்குவதாக நினைத்துக்கொண்டு மாரெட்பள்ளியில் யார் வீட்டையோ பெருக்கிக்கொண்டிருக்கிறார்.

நான் சிரித்துக்கொண்டே சொன்னேன். ஸ்வப்னா சிரிக்கவில்லை. மெஷினின் முன்பக்கத்தைக் காட்டினாள். பட்டாணி அளவுக்கு ஒரு கேமரா.

"மேடம், இது எங்க பெட்ரூம் வரைக்கும் போகும்" என்றாள்.

என் சிரிப்பு நின்றுவிட்டது. அவள் சொன்னது நியாயம். அந்தப் பக்கம் இருப்பது யாருடைய அம்மாவாக இருந்தால் என்ன, கணவன் ஊரில் இல்லாத வீட்டுக்குள் ஒரு கண் ஓடிக்கொண்டிருக்கிறது. முதலில் இதை நெட்டிலிருந்து வெட்டுங்கள், அடுத்து நான் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போகிறேன் என்றாள்.

3. வெட்டுவதில் உள்ள சிக்கல்

மெஷினை ஆஃப் செய்து வைக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். செய்து பார்த்திருக்கிறார்கள். அவர்கள் தெருவில் டிரெயினேஜுக்காக ரோட்டைத் தோண்டிப் போட்டிருந்தார்கள். ஒரு நாள் பெருக்காமல் விட்டால் டைல்ஸ் மேல் தூசியில் பெயர் எழுதலாம். மாமியாருக்கு முழங்கால் வலி, ஸ்வப்னாவுக்கு விடிந்தால் மீட்டிங். மெஷின் வேண்டும், ஆனால் அதற்கு வெளியுலகத் தொடர்பு வேண்டாம். பட்டனை அமுக்கினால் பெருக்கினால் போதும்.

முதலில் சுலபமான வழியைச் செய்தேன். ரூட்டரில் நுழைந்து, அந்த மெஷினை வைஃபையில் சேர்க்காதே என்று ஃபில்டர் போட்டேன். கணெக்‌ஷன் போனதும் மெஷின் ஆங்கிலத்தில் கத்த ஆரம்பித்தது. நெட்வொர்க் இல்லை, சரிபார்க்கவும். கொஞ்ச நேரம் சும்மா இருக்கும். மறுபடி நெட்வொர்க் இல்லை, சரிபார்க்கவும். அதை நிறுத்த ஆப்பில்தான் வழி, அதுவும் ஓனருக்குத்தான். நாலாவது தடவை கத்தியபோது மாமியார், இதற்குத் தமிழே தேவலை, அது கொஞ்சம் பாசமாகப் பேசியது என்றார்.

ஆக, மெஷின் வைஃபையில் இருக்க வேண்டும். ரூட்டர் வரைக்கும் வரலாம், ரூட்டரைத் தாண்டி வெளியே போகக்கூடாது. தெருவில் விளையாடும் பிள்ளையை வாசல் கேட்டுக்கு உள்ளேயே விளையாடு என்று சொல்வதுதான். பெரும்பாலான வீட்டு ரூட்டர்களில் இதற்கு இடம் உண்டு. பேரண்டல் கண்ட்ரோல் என்று இருக்கும், அல்லது ஆக்சஸ் கண்ட்ரோல் என்று இருக்கும். எந்தச் சாமானைத் தடுக்க வேண்டுமோ அதைத் தேர்ந்தெடுத்து இன்டர்நெட்டை மட்டும் பிளாக் செய்யலாம்.

ஃபில்டரை எடுத்துவிட்டு அங்கே போனேன். இணைந்திருக்கும் சாமான்களின் வரிசையில் பெயரே இல்லாமல் இரண்டு இருந்தன. ஒன்று மெஷின். இன்னொன்று என்னவோ. ஒன்றை பிளாக் செய்து சேவ் கொடுத்தேன்.

ஹாலில் மாமியார் அலறினார். பயம் தெளியட்டும் என்று ஸ்வப்னா அவருக்கு டிவியில் சீரியல் போட்டுவிட்டிருந்தாள். அதில் நல்ல மருமகள் விஷப் பாலை உதட்டருகே கொண்டு போன இடத்தில் படம் உறைந்து, நடுவில் வட்டம் சுற்றிக்கொண்டிருந்தது. நான் பிளாக் செய்தது டிவியை. அவசரமாகத் திறந்துவிட்டேன். மருமகள் பிழைத்தாளா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

இனி ஊகம் வேண்டாம் என்று முடிவு செய்தேன். எந்தச் சாமானுக்கும் அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் மேக் அட்ரஸ் என்ற அதன் தனி நம்பர் இருக்கும். அதைப் பார்த்து, ரூட்டரில் இருப்பதோடு ஒப்பிட்டுவிட்டு பிளாக் போட்டால் தப்பு நடக்காது. மெஷினோ, அந்தப் பக்கம் யாரோ பட்டனை அமுக்கியதில், குருட்டாம்போக்கில் சுற்றிச் சுற்றிச் சார்ஜரை விட்டு நகர்ந்து சோபாவுக்கு அடியில் போய் நின்றிருந்தது. நான் தரையில் குப்புறப் படுத்து, கையை நீட்டி, எலுமிச்சம்பழத்தை அவிழ்த்து, மெஷினைப் புரட்டி, டார்ச் அடித்து நம்பரைப் படித்தேன். ஸ்வப்னா லேப்டாப்பில் சரிபார்த்தாள். பொருந்தியது. பிளாக் போடச் சொன்னேன். போட்டாள்.

பொட்டைத் துடைத்து மெஷினை நேராக நிமிர்த்தி வைத்தேன். முடிந்தது என்று சொல்லிக்கொண்டே, படுத்த வாக்கிலேயே நெற்றி வியர்வையைத் துடைத்தேன்.

அப்போது என் முகத்துக்கு நேரே அது பேசியது.

4. நான் சொன்ன ஒரு வார்த்தை

"யாரு தாயி நீயி? எம் பையன் வீட்ல தரையில படுத்து என்ன செய்யிற?"

பிளாக் போட்ட பிறகு எப்படிப் பேசியது என்று கேட்டால், அது ரூட்டரின் குணம். பல ரூட்டர்கள் புதிதாக வாசலுக்கு வருகிறவரைத்தான் தடுக்கும். ஏற்கெனவே உள்ளே உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பவரை எழுப்பி அனுப்பாது. பழைய கணெக்‌ஷன் அறுபட வேண்டுமானால் ரூட்டரை ஒரு தடவை ஆஃப் செய்து ஆன் செய்ய வேண்டும். இது எனக்குத் தெரியும். சோபாவுக்கு அடியில் அந்த நேரத்தில் ஞாபகம் வரவில்லை.

இத்தனை வருஷ சர்வீசில் கஸ்டமர் வீட்டில் யார் நீ என்று கேட்டால் என் வாயில் தானாக வரும் பதில் ஒன்றுதான்.

"வைஃபைக்கு வந்திருக்கேம்மா."

மெஷினின் ஸ்பீக்கரும் மைக்கும் எவ்வளவு மட்டம் என்று அப்போது எனக்குத் தெரியாது. 

"வைஃபா வந்துருக்கியா?"

"ஆமாம்மா."

"எப்ப?"

"இன்னிக்குக் காலையிலதாம்மா."

என் தலையில் நரை நிறைய. டை அடிக்கும் பழக்கம் இல்லை. டார்ச் வேறு என் முகத்தில் அடித்துக்கொண்டிருந்தது.

"ஒனக்கு என்ன வயசு தாயி?"

பெரியவர்கள் கேட்டால் பதில் சொல்லிவிடுவது என் வழக்கம். ஐம்பதை நெருங்குகிறேன் என்றேன். அந்தப் பக்கம் யாரோ தண்ணி கொண்டா என்று சொல்வது கேட்டது.

ஸ்வப்னாவுக்கு ஒன்றும் புரியவில்லை. குனிந்து சோபாவுக்கு அடியில் தலையை விட்டு, என்ன சொல்கிறது என்று தெலுங்கில் கேட்டாள். அதுவும் மெஷினுக்குக் கேட்டுவிட்டது.

"அது யாரு, தெலுங்குல பேசறது?"

"இவங்கதாம்மா இந்த வீட்டுக்காரம்மா" என்றேன்.

"அப்ப ரெண்டு பேரா?"

அந்தக் கேள்விக்கு என்ன அர்த்தம் என்று நான் யோசிக்கத் தொடங்கினேன். அதே நேரத்தில் ரூட்டரை ஆஃப் செய்து ஆன் செய்தால் தொடர்பு அறுந்துவிடும் என்பதும் ஞாபகம் வந்து, ஸ்வப்னாவிடம் தெலுங்கில் சொன்னேன். அதைக் கேட்டுக் காரியத்தில் இறங்கியது மாமியார். முழங்கால் வலியை மறந்து கட்டிலிலிருந்து குதித்து, சுவரில் இருந்த பிளக்கைப் பிடுங்கிவிட்டார். சுத்தமான வேலை. திரும்பச் சொருகியபோது எல்லாம் வந்தது, டிவி வந்தது, ஸ்வப்னாவின் லேப்டாப் வந்தது. மெஷின் மட்டும் ஒரு சின்ன விளக்கைச் சிமிட்டிக்கொண்டு வாயை மூடி நின்றது. வைஃபை உண்டு, இன்டர்நெட் இல்லை. கேட்டதைச் செய்துவிட்டேன்.

அதன் பிறகுதான் தரையில் எழுந்து உட்கார்ந்து, நடந்த பேச்சை ஒவ்வொரு வரியாக மனதில் ஓட்டிப் பார்த்தேன். வைஃபை. வைஃப். காலையில் வந்தேன். ஐம்பது வயது. வீட்டுக்காரம்மா வேறு ஒருத்தி.

ஸ்வப்னாவிடம் மொழிபெயர்த்துச் சொன்னேன். அவள் சோபாவைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் சரிந்து உட்கார்ந்து சிரித்தாள். காலையிலிருந்து அவள் சிரித்தது அதுதான் முதல் தடவை. மாமியாருக்குச் சொன்னோம். அவர் தன் மருமகளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்து, எங்களில் மூத்த தாரம் யார் என்பதில் சந்தேகம் வேண்டாம் என்றார். நான் வந்த வேலையையே மறந்து, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தேன்.

சிரிப்பு அடங்கியதும்தான் எனக்கு உறைத்தது. எங்கோ ஒரு ஊரில் ஒரு அம்மா, மகன் தன்னைவிட இரண்டு மடங்கு வயதான ஒருத்தியையும் கூடவே ஒரு தெலுங்குப் பெண்ணையும் கட்டிக்கொண்டு குடித்தனம் நடத்துகிறான் என்று நம்பிக்கொண்டிருக்கிறார். விளக்கிச் சொல்ல இருந்த ஒரே வழியை நானே அடைத்துவிட்டேன்.

5. செந்தில்

ஸ்வப்னாவின் போன் அடித்தது. இத்தனை நாள் எடுக்காத செந்தில் அவனாகக் கூப்பிட்டான். ஆங்கிலத்தில் தொடங்கித் தமிழில் முடித்தான். ஊரில் அம்மா மயங்கி எழுந்துவிட்டாராம். வாசலில் கூட்டமாம். தாய்மாமா ஹைதராபாத் வருவதற்குத் துணிமணி எடுத்து வைக்கிறாராம். அங்கே தமிழ் பேசிய அம்மா யார் என்று கேட்டான். நான்தான் என்று போனை வாங்கிச் சொன்னேன். முதலில் இங்கே நேரில் வா என்று ஸ்வப்னா சொல்லச் சொன்னதையும் சொன்னேன்.

வந்தான். அமீர்பேட்டில் மெட்ரோ ஏறி, இறங்கி ஆட்டோ பிடித்து வந்திருக்கிறான். ஒல்லியான பையன். சட்டை பட்டனை ஒன்று மாற்றிப் போட்டிருந்தான். என்னைப் பார்த்ததும் அவன் முகத்தில் வந்த கலவரத்தை எந்த வார்த்தையில் எழுதுவது என்று தெரியவில்லை. அவன் அம்மா சொன்ன அடையாளத்தோடு ஒப்பிட்டுப் பார்த்திருப்பான்.

ஸ்வப்னா அவனை உட்காரச் சொல்லவில்லை. ஆங்கிலத்தில் நேராகக் கேட்டாள்.

"எங்க வீட்டுக்குள்ள ஒருத்தர் பாத்துட்டு இருக்காங்கன்னு உனக்குத் தெரியுமா, தெரியாதா?"

தெரியும் என்றான். தலை நிமிரவில்லை. மற்றதைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னான். சொந்த ஊர் சாத்தூர். அப்பா இல்லை. வேலை கிடைத்து ஹைதராபாத் வந்ததும் அம்மாவிடமிருந்து தினமும் ஒரே கேள்வி, வீட்டைப் பெருக்கினாயா என்று. தொல்லை தாங்காமல் இந்த மெஷினை வாங்கி, அம்மா போனில் ஆப்பைப் போட்டு, நீங்களே சாத்தூரிலிருந்து பெருக்கிக்கொள்ளுங்கள் என்று கொடுத்துவிட்டான். அம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. காபி குடித்ததும் மகன் வீட்டைப் பெருக்குவார். பக்கத்து வீட்டுக்காரர்களைக் கூப்பிட்டுக் காட்டுவார்.

அப்புறம் வேலை போய்விட்டது. ஃபிளாட்டைக் காலி செய்து, சாமான்களை விற்று, அமீர்பேட்டில் ஒரு ஹாஸ்டலில் கட்டில் எடுத்துக்கொண்டு புதிதாக ஒரு கோர்ஸ் படிக்கிறான். அம்மாவிடம் சொல்லவில்லை. மெஷினை விற்ற மறுநாளே அம்மா போன் செய்து, வீடு மாறிவிட்டாயா, சோபா நன்றாக இருக்கிறது என்றிருக்கிறார். ஆமாம் என்று சொல்லிவிட்டான். அம்மாவை ஆப்பிலிருந்து எடுத்தால் ஏன் என்று கேட்பார். ஓனரை மாற்றினாலும் அம்மாவின் பட்டன் செத்துவிடும். வேறு வேலை கிடைக்கும் வரை தள்ளிப்போடலாம் என்று ஸ்வப்னாவின் போனை எடுக்காமல் இருந்திருக்கிறான். பெருக்கும் பட்டனை மட்டும்தான் அம்மா அமுக்குகிறார் என்று நினைத்தானாம். பேசும் பட்டனை அவராகக் கண்டுபிடித்தது அவனுக்குத் தெரியாது.

ஸ்வப்னாவின் ஆபீசிலும் போன மாதம் சிலரை அனுப்பியிருக்கிறார்கள் என்று பிறகு என்னிடம் சொன்னாள். ஆனால் அப்போது குரலை இறக்கவில்லை.

"இப்போ எங்க முன்னாடி உங்க அம்மாவுக்கு வீடியோ கால் போடு. எல்லாத்தையும் சொல்லு. சொல்லலேன்னா நான் நேரா ஸ்டேஷனுக்குப் போறேன்."

அவன் என்னைப் பார்த்தான். நான் என்ன செய்ய முடியும். போடு தம்பி என்றேன்.

திரையில் அம்மா வந்தார். அழுது சிவந்த கண். பின்னால் ஏழெட்டுத் தலைகள். மாமா கையில் பையோடு நின்றார். செந்தில் ஒரே மூச்சில் சொன்னான். வேலை போனது, வீடு போனது, ஹாஸ்டல், இது யாரோ ஒருவர் வீடு, இந்த அம்மா நெட் ரிப்பேருக்கு வந்தவர். 

"வேலதான போச்சு?" என்றார் அம்மா.

"ஆமாம்மா."

"கல்யாணம் ஆகலையே?"

"இல்லம்மா."

"ஒண்ணுகூட ஆகலையே?"

"ஒண்ணுகூட இல்லம்மா."

அந்த அம்மா பின்னால் திரும்பி, ஆகலையாம்ப்பா என்றார். சாத்தூரில் எழுந்த ஆரவாரம் மாரெட்பள்ளி ஹாலில் கேட்டது. மாமா பையைக் கீழே வைத்தார். செந்தில் அழுதான், சிரித்தான், இரண்டையும் சேர்த்துச் செய்தான். வேலை போனதைச் சொல்ல முடியாமல் இத்தனை நாள் செத்துக்கொண்டிருந்தவன், அந்தச் செய்தி அம்மாவை இவ்வளவு சந்தோஷப்படுத்தும் என்று கனவிலும் நினைத்திருக்க மாட்டான்.

பிறகு அம்மாவின் முகம் மாறியது. அந்த வீட்டுப் பிள்ளையிடம் போனைக் கொடு என்றார். நான் நடுவில் நின்று மொழிபெயர்த்தேன்.

"காலத்தான் தாயி பாத்தேன். மெட்டி போட்ட காலு. வேலைக்கு வர்ற பொண்ணுன்னு நெனச்சுட்டேன். அடுத்தவுக வீட்டப் பாத்தது தப்புத்தான். மன்னிச்சுக்கச் சொல்லு."

வேலைக்கு வரும் பெண் என்பதை மட்டும் நான் மொழிபெயர்க்கவில்லை. மன்னிப்பை முழுதாகச் சொன்னேன். ஸ்வப்னா திரையில் அந்த அம்மாவைப் பார்த்துத் தலையசைத்தாள். போலீஸ் என்ற பேச்சு அதற்கப்புறம் வரவில்லை.

ஆனால் அந்த அம்மா மகனை விடவில்லை. ஒரு மாதமாகப் போனில் அந்தக் கட்டிலுக்கு அடியில் பெருக்கச் சொல்கிறேன், ஊரார் வீடாக இருந்தாலும் தூசி தூசிதான், விளக்குமாற்றை எடு என்றார். செந்தில் ஸ்வப்னாவைப் பார்த்தான். ஸ்வப்னா உள்ளே போய் விளக்குமாற்றை எடுத்து வந்து கொடுத்தாள்.

அவன் பெட்ரூம் கட்டிலுக்கு அடியில் இருந்த பெட்டியை இழுத்துவிட்டு, படுத்துக்கொண்டு பெருக்கினான். நான் போனைப் பிடித்துக் காட்டினேன். சாத்தூர் அம்மா தமிழில் அந்த மூலை, அந்த மூலை என்றார். மாரெட்பள்ளி மாமியார் பின்னாலேயே வந்து நின்று தெலுங்கில் இந்த மூலை, இந்த மூலை என்றார். ஒருவர் சொல்வது மற்றவருக்குப் புரியவில்லை. ஆனால் மகன்களுக்குப் பெருக்கத் தெரியாது என்பதில் இருவருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. வந்த தூசியைப் பார்த்து இருவரும் ஒரே நேரத்தில் கன்னத்தில் கை வைத்தார்கள்.

வேலை முடிந்ததும் செந்தில் ஆப்பில் அம்மாவை எடுத்தான், தன்னை எடுத்தான், ஓனராக ஸ்வப்னாவை ஆக்கினான். அதற்காகக் கொஞ்ச நேரம் மெஷினுக்கு நெட்டைத் திறந்துவிட்டேன். எல்லாம் மாறியதைச் சரிபார்த்துவிட்டு, இனி ஆபத்தில்லை, ஆப்பிலேயே ஓட்டலாம், திறந்தே வைக்கட்டுமா என்று கேட்டேன்.

"நக்கோ மேடம், நக்கோ" என்றாள் ஸ்வப்னா. வேண்டவே வேண்டாமாம். பட்டனை அமுக்கத் தன் கால் கட்டைவிரலே போதும் என்றாள். மறுபடி பிளாக் போட்டு, இந்தத் தடவை நானே ரூட்டரை ஆஃப் செய்து ஆன் செய்தேன். ஸ்வப்னா தன் போனில் வைஃபையை அணைத்து, சிம் நெட்டில் ஆப்பைத் திறந்து மெஷினைக் கூப்பிட்டுப் பார்த்தாள். பதில் வரவில்லை. பட்டனை அமுக்கினாள், பெருக்கியது. சரியான பிளாக் என்றால் அதுதான்.

கிளம்பும்போது செந்திலின் போன் மறுபடி அடித்தது. அவன் அம்மா என்னிடம் பேச வேண்டுமாம். நான் எந்த ஊர், எத்தனை பிள்ளைகள் என்றெல்லாம் விசாரித்தார். கடைசியில் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"அவனுக்கு வேல கெடச்சதும் அங்கிட்டே நல்ல பொண்ணா ஒண்ணு பாருங்க தாயி. தெலுங்கா இருந்தாலும் சரித்தான். வயசு மட்டும் கொஞ்சம் கொறச்சலா."

பார்க்கிறேன் என்றேன். அவனுக்கு அடுத்த சில மாதங்களில் வேலை கிடைத்தது. பெண் பார்க்கும் வேலை இன்னும் என் தலையில்தான் இருக்கிறது.

6. பாடம்

யாதகிரி சாருக்கு ரிப்போர்ட் கொடுத்தபோது, பேய் போயிற்றா என்று மட்டும் கேட்டார். அது பேய் இல்லை, சாத்தூர்க்காரர் ஒருவர், இப்போது என் சிநேகிதி என்றேன். கம்ப்ளெயின்ட் டிக்கெட்டை க்ளோஸ் செய்துவிட்டார்.

பிள்ளைகளே, ரூட்டர் வேலையை நான் சொல்ல வேண்டியதில்லை. ஸ்டிக்கரைப் பார்த்து பிளாக் போடுங்கள், போட்டதும் ரூட்டரை ஒரு முறை அணைத்து எழுப்புங்கள், சிம் நெட்டில் வெளியிலிருந்து அதைக் கூப்பிட்டுப் பாருங்கள். பழைய சாமான் வாங்கினவர்களிடம், விற்றவரை வீட்டில் உட்கார வைத்தே ஓனர் பெயரை மாற்றிக்கொள்ளச் சொல்லுங்கள்.

அந்த நாளுக்குப் பிறகு நான் மாற்றிக்கொண்ட பழக்கம் ஒன்றே ஒன்று. ஒரு சாமானை நெட்டிலிருந்து வெட்டும்போது நாம் இந்தப் பக்கத்தை மட்டும்தான் பார்க்கிறோம். அந்தப் பக்கம் யாரோ ஒருவர் போனை வைத்துக்கொண்டு, திடீரென்று சாம்பல் நிறமாகிவிட்ட பட்டனை அமுக்கிக்கொண்டே இருப்பார். அது கம்பெனி சர்வராக இருக்கலாம், திருடனாக இருக்கலாம், யாருடைய அம்மாவாகவும் இருக்கலாம். யாரென்று முதலில் விசாரியுங்கள். வெட்ட வேண்டியது என்றால் தயங்காமல் வெட்டுங்கள். ஆனால் அம்மா என்றால், அவர் பேசி முடித்த பிறகு வெட்டுங்கள்.